ஆண்டாளுக்குக் கொடுத்த வண்டி

இன்னாசிமுத்துவின் ஸ்பேனர் வழுக்கி, போல்ட்டின் தலையில் ஒரு முனையைச் சிராய்த்துவிட்டு, கொட்டகையின் மண்தரையில் போய் விழுந்தது. அதை எடுக்க அவன் குனியவில்லை. இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு, அடித்தும் எழாத மாட்டைப் பார்ப்பதுபோல வண்டியைப் பார்த்தான். சைகோனில் பிரெஞ்சுக்காரர்களின் மோட்டார்ப் பட்டறையில் நெடுங்காலம் இருந்தவன். அங்கிருந்து கப்பலேறி அரியூருக்குத் திரும்பியபோது அவன் கொண்டுவந்த சொத்து, ஒரு தகரப் பெட்டி நிறைய ஸ்பேனர்களும், எந்தப் பேச்சையும் சைகோனில் கொண்டுபோய் நிறுத்தும் பழக்கமும்தான்.

“சைகோன்ல இத்தவிட மொரண்டு புடிச்சதெல்லாம் கழட்டியிருக்கேன்” என்றான்.

ஆண்டாள் குனிந்து ஸ்பேனரை எடுத்தாள். ஒட்டியிருந்த மண்ணைத் துடைத்து, பெட்டியில் அதற்குரிய இடத்தில் வைத்தாள். சிறியதிலிருந்து பெரியதாக அவற்றை வரிசைப்படுத்தியிருந்தவள் அவள்தான்.

“இன்னொரு தரம் வச்சா மொத்த முனையும் மழுங்கிடும். வேற வை.”

“இதுக்கு அடுத்தது பெரிசும்மா, லொடலொடன்னு ஆடும். முந்தினது சின்னது, ஏறவே ஏறாது. நடுவுல ஒண்ணும் கெடையாது.”

“நடுவுல ஒண்ணு இருக்கப்போயிதானே இது வழுக்குது?”

இன்னாசிமுத்து பீடியைத் தேடினான்.

வண்டி அவளுடையது. அப்படித்தான் அவளுடைய தகப்பனார் சொல்லியிருந்தார். பச்சையப்பன் கண்ணை மூடுவதற்கு முன் ஊர்ப் பெரியவர்களை அழைத்துவைத்துக்கொண்டு, ஆற்றோரத்து நஞ்சையும் கரும்புக் கொல்லையும் வீடும் மகன் பக்கிரிக்கு என்றார். பிறகு வெகுநேரம் பேசவில்லை. முடிந்துவிட்டது என்று எண்ணி அவர்கள் எழுந்தபோது, “மோட்டாரு ஆண்டாளுக்கு” என்றார். யாரோ சிரித்துவிட்டார்கள். பத்தொன்பது வயதில் கணவனைப் பறிகொடுத்து, பிறந்த ஊரான குருவிநத்தத்துக்கே திரும்பிவந்து, இன்று நரை விழும்வரை அந்த வீட்டின் அடுப்பையும் தொழுவத்தையும் தகப்பனாரின் வெற்றிலைப் பெட்டியையும் ஒழுங்கு குலையாமல் காத்த மகளுக்கு, பல மழைக்காலங்களாக நகராமல் நின்று, இருக்கையில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்த ஓர் இரும்புக் கூடு. அது பரிசா, பரிகாசமா என்று அவளுக்கு விளங்கவில்லை. கேட்டுத் தெளிவதற்கும் இனி வழியில்லை. பக்கிரி மட்டும் தெருவுக்கே கேட்கும்படி, அப்பா சொன்னால் சொன்னதுதான், வண்டி அக்காளுடையது, அதில் யாரும் கைவைக்கக் கூடாது என்று அறிவித்தான். உதவாத பொருளைத் தருகிறபோது மனிதர்களுக்கு வாய் தாராளமாகும் என்பதை ஆண்டாள் அறிவாள். அறிந்தும் அந்தச் சொல்லை அவள் பத்திரப்படுத்திக்கொண்டாள்.

கருமாதி முடிந்த பிறகு அவளால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. தகப்பனார் இருந்தவரை சமையலறை அவள் கையில் இருந்தது. இப்போது அது பக்கிரியின் மனைவி கஸ்தூரியின் கைக்குப் போயிற்று. போனது நியாயமே. கஸ்தூரி கெட்டவளும் அல்லள். ஆண்டாள் உலக்கையைத் தொட்டால் ஓடிவந்து வாங்கிக்கொண்டு, “நீங்க உக்காருங்கக்கா” என்பாள். அந்த ஒரு சொல்லைத்தான் ஆண்டாளால் பொறுக்க முடியவில்லை. எழுந்து கிணற்றடிக்குப் போவாள். அங்கே குடங்கள் நிரம்பியிருக்கும். தொழுவத்துக்குப் போவாள், சாணம் அள்ளியாகியிருக்கும். கொல்லைக் கதவைத் திறந்து பெண்ணையாற்றின் கரையைப் பார்ப்பாள், மூடிவிட்டு வருவாள், மறுபடியும் போய்த் திறப்பாள். இரவில் படுத்த பிறகும் பாதங்கள் ஒன்றையொன்று உரசிக்கொண்டே இருக்கும். அப்படி ஒரு நாள் கொட்டகைக்குள் போனவள், கோழியை விரட்டிவிட்டு, வண்டியின் பின்தட்டில் அடைந்திருந்த வைக்கோலை அள்ளி வெளியே எறியத் தொடங்கினாள். பின்பக்கம் திறந்த வண்டி அது. மரப் பலகையடித்த தட்டு. அதில் ஒரு காலத்தில் கத்தரிக்காய்க் கூடைகளும் வெல்ல மூட்டைகளும் புதுச்சேரிப் பெரிய மார்க்கெட்டுக்குப் போயின. இப்போது மாட்டுவண்டிகள் பொழுது சாயக் கிளம்பி, விடியும்போது வாடிய காயோடு போய்ச் சேர்கின்றன. அடுத்த ஊரான செலியமேட்டுக் கொல்லைகளிலும் அதே கதைதான். வண்டி ஓடுமானால் விடியலில் காய் பறித்து, வெயில் ஏறுமுன் மார்க்கெட்டில் இறக்கிவிடலாம். ஓட்டுபவன் பக்கத்தில் உட்கார்ந்து கூடைகளைச் சரிபார்த்து ஏற்றி இறக்குவது யார் என்பதையும் அவள் அந்த வைக்கோல் தூசிக்குள்ளேயே முடிவு செய்துவிட்டாள்.

பக்கிரி சிரித்தான். ஆனால் கடலூர் இரும்பு வியாபாரி ஒருவன் ஊர் ஊராக வந்துகொண்டிருந்த காலம் அது. ஐரோப்பாவில் சண்டை மூளப்போகிறது என்று சொல்லி, ஓட்டை வாணலியைக்கூட அவன் விடாமல் எடைபோட்டு வாங்கினான். கொட்டகையை எட்டிப் பார்த்தவன் வண்டியைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனான். அன்று சாப்பிடும்போது பக்கிரி சொன்னான்:

“தை பொறக்கற வரிக்கும் பாருக்கா. ஓடிச்சின்னா ஓட்டிக்க. ஓடலன்னா இரும்புக்காரன் வருவான். வைக்கப்போரு போட எனக்கும் எடம் வேணும்.”

அப்படித்தான் அவள் அரியூருக்கு ஆள் அனுப்பி இன்னாசிமுத்துவை வரவழைத்தாள். அவன் வந்ததும் வண்டியைச் சுற்றிவந்து, தீப்பொறி கொடுக்கும் மேக்னெட்டு செத்துவிட்டது, அதற்கு வேறு வாங்க வேண்டும், வாங்குவதற்கு முதலில் இது இன்ன கம்பெனி வண்டி என்று தெரிய வேண்டும் என்றான். யாருக்கும் தெரியவில்லை. பச்சையப்பன் அதை ஏலத்தில் எடுத்தவர். ‘மோட்டாரு’ என்பதற்கு மேல் அதற்குப் பெயர் தேவைப்படவில்லை. முன்னால் இயந்திரத்தைக் குளிர்விக்க இருக்கும் தண்ணீர்த் தொட்டி ஒருமுறை வெடித்ததால், பாகூர்ப் பாத்திரக்காரரைக் கொண்டு அண்டா தட்டுவதுபோலப் புதிதாகத் தட்டி வைத்திருந்தார். அதில் எந்த அடையாளமும் இல்லை.

“எல்லா வண்டிக்கும் ஒரு பித்தளைத் தகடு இருக்கும். பேரு, நம்பரு எல்லாம் வெட்டியிருக்கும்” என்று தேடிய இன்னாசிமுத்து, ஓட்டுபவன் காலுக்கு எதிரே இருந்த பலகையில் அதைக் கண்டுபிடித்தான். தகடு இருந்தது. உள்ளங்கையளவு, நாலு மூலையிலும் ஆணி அடித்து, பூஜைத் தட்டைப்போல் பளபளவென்று இருந்தது. அதில் ஓர் எழுத்தும் இல்லை. அவன் விரலால் தடவினான்; சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தான். “எந்தப் பாவி இத்தப் போட்டுத் தேச்சது?”

தேய்த்தவள் ஆண்டாள். வெள்ளிக்கிழமைதோறும் குத்துவிளக்கு, சொம்பு, தாம்பாளம் இவற்றோடு, வீட்டில் பித்தளை என்று எது இருந்தாலும் அதற்குப் புளியும் செங்கல்தூளும் உண்டு. வண்டி வந்த முதல் வெள்ளியே அந்தத் தகட்டையும் அவள் கணக்கில் சேர்த்துக்கொண்டாள். அதிலிருந்த கோடுகளில் அழுக்கு அடைந்தபோது தென்னம்நாரால் அழுத்தித் தேய்த்தாள். கோடுகள் மெலிந்துகொண்டே வந்ததை அவள் கவனித்திருந்தாள். அழுக்குப் போகிறது என்றே நினைத்தாள்.

“நாந்தான். பித்தளைய வேற இன்னா பண்ணுவாங்க?” என்றாள்.

இன்னாசிமுத்து தலையில் கைவைத்துக்கொண்டான். பிறகு, தகடு இல்லாவிட்டால் என்ன, பிரெஞ்சுக்காரன் ஆளும் இந்த மண்ணில் ஓடும் வண்டி மர்சேய் துறைமுகத்தில்தான் கப்பலேறியிருக்கும், பிரெஞ்சு வண்டிதான் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, தன் ஸ்பேனர்களை விரித்தான். அவற்றில் எதுவுமே எந்தத் தலையையும் சரியாகக் கவ்வவில்லை. சிராய்ந்த போல்ட்டைப் பார்த்துக்கொண்டு ஒரு பீடி முழுவதையும் புகைத்து முடித்தவன், இது பிரெஞ்சு வண்டியே அல்ல, இங்கிலீஷ் வண்டி, முதலிலேயே சந்தேகப்பட்டேன் என்றான்.

மறுநாள் தயிர்க்காரிகளோடு ஆண்டாள் ஆற்றைக் கடந்தாள். மார்கழித் தொடக்கத்திலேயே பெண்ணையாறு கணுக்கால் அளவு ஓடிக்கொண்டிருந்தது. அக்கரை இங்கிலீஷ்காரன் சீமை. சுங்கச் சாவடியில் நின்றவன் தயிர்ப் பானைகளை எட்டிப் பார்த்துவிட்டு, அவளுடைய முந்தானை முடிச்சைக் கையால் காட்டினான்.

“இன்னாம்மா கனமா தொங்குது? தங்கமா?”

“இரும்பு.”

அவன் நம்பவில்லை. முடிச்சை அவிழ்க்கச் சொன்னான். வண்டியடியில் தானாகக் கழன்று கிடந்த துருப்பிடித்த ஒரு போல்ட்டும் இரண்டு நட்டுகளும் விழுந்தன. இதைச் சுமந்துகொண்டு ஒரு பெண்பிள்ளை ஆறு தாண்டுவாளா என்று அவன் முகம் சுளித்தான். தயிர்க்காரிகள் சிரித்தார்கள். ஆண்டாள் ஒவ்வொன்றாகப் பொறுக்கி மறுபடியும் முடிந்துகொண்டாள்.

கடலூரில் பஸ் கம்பெனி ஒன்றின் கொட்டகையில் ராமு என்ற மெக்கானிக், அவளை முதலில் பிச்சைக்காரி என்று நினைத்தான். அவள் போல்ட்டை நீட்டியதும் ஒரு ஸ்பேனரை எடுத்து அதன் தலையில் வைத்தான். கச்சிதமாக உட்கார்ந்தது. இங்கிலீஷ் அளவு என்றான். அந்த அளவில் பழைய ஸ்பேனர்களையும், துருவேறிப் போனவற்றுக்குப் பதிலாகப் புது நட்டுகளையும், ஏற்றிப் பார்க்காமலே, பொறுக்கிக் கொடுத்தான். ஆண்டாள் அன்று திரும்பிவந்த நடையில் தயிர்க்காரிகளால் அவளைப் பிடிக்க முடியவில்லை.

போல்ட்டுகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. கழன்றவற்றை அவள் வகைவகையாகப் பிரித்து, படி, உழக்கு, ஆழாக்கு என்று நெல் அளக்கும் பாத்திரங்களில் போட்டுவைத்தாள். கஸ்தூரி அன்று அரிசி அளக்கப் படியைத் தேடி வந்து, அதில் எண்ணெய்ப் பிசுக்கோடு கிடந்த இரும்பைப் பார்த்து, வெறுங்கையோடு திரும்பினாள். ஆனால் மூடும் வேளை வந்தபோது கடலூர் நட்டு ஒன்றுகூட ஏறவில்லை. தலைக்கு இங்கிலீஷ் ஸ்பேனர் சரியாக இருந்தது. போல்ட்டின் உடலைச் சுற்றி ஓடும் மரையில் இங்கிலீஷ் நட்டு அரைச் சுற்று ஏறி இறுகிக்கொண்டது. இன்னாசிமுத்து ஒன்றைப் பலவந்தமாகத் திருகி மரையை நாசமாக்கினான். அதன் பிறகு அவனுக்குக் கோபம் வந்தது. இது வண்டியே இல்லை, எவனோ இரண்டு வண்டியை ஒட்டி ஏமாற்றி ஏலத்தில் விற்றிருக்கிறான், சைகோனில் இப்படி ஒன்று வந்தால் ஆற்றில் தள்ளிவிடுவோம் என்று சொல்லிவிட்டு, பெட்டியைக்கூட எடுத்துக்கொள்ளாமல் அரியூருக்குப் போய்விட்டான்.

அவன் வரவில்லை. பக்கிரி இரும்புக்காரனுக்குச் சொல்லி அனுப்பிவிட்டான் என்று கஸ்தூரி மூலமாகத் தெரிந்தது. ஆண்டாள் கொட்டகைக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்தாள். பிரித்துப் போட்ட வண்டி அவளை வதைத்தது. ஒரு பொருள் அதன் இடத்தில் இல்லாவிட்டால் அவளுக்கு உறக்கம் வராது; இங்கே எதற்குமே இடம் இல்லாமல் கிடந்தது. கை பரபரத்தது. செய்ய ஒன்றுமில்லாமல் இன்னாசிமுத்துவின் பெட்டியை அடிவரை கவிழ்த்து, அதையாவது சுத்தம் செய்வோம் என்று உட்கார்ந்தாள். அடியில் அவன் சைகோனிலிருந்து கொண்டுவந்த உதிரி நட்டுகள் கிடந்தன. அவற்றை அளவுபார்த்துப் பிரிப்பதற்காக, பக்கத்தில் கிடந்த வண்டியின் போல்ட் ஒன்றில் ஒரு நட்டை வைத்துச் சுண்டினாள். அது தானாகச் சுழன்று, கீழே அடிவரை ஓடி நின்றது.

அவள் அதைக் கழற்றி மறுபடியும் சுண்டினாள். மறுபடியும் ஓடியது. இன்னொரு போல்ட்டில் வைத்தாள். அதிலும் ஓடியது. தலை இங்கிலீஷ்காரனுடையது, மரை பிரெஞ்சுக்காரனுடையது. ஒன்றிரண்டு அப்படி இருந்தால் ஒட்டுவேலை எனலாம். உழக்கில் இருந்த அத்தனையும், படியில் இருந்த அத்தனையும் அப்படியே இருந்தன. இவ்வளவு ஒழுங்காக எவனும் ஏமாற்ற மாட்டான் என்று அவளுக்குப் பட்டது. ஏமாற்றுகிறவனிடம் ஒழுங்கு இருக்காது.

மறுநாள் ராமுவின் முன்னால் போல்ட்டையும், கடலூர் நட்டு, சைகோன் நட்டு இரண்டையும் வரிசையாக வைத்து, தான் கண்டதைச் சொன்னாள். அவன் முதலில் கேலியாகச் சிரித்தான். பிறகு போல்ட்டை வாங்கி, சைகோன் நட்டைச் சுண்டிப் பார்த்தான். அவன் சிரிப்பு நின்றது.

“மோரிஸ்” என்றான். “இந்தக் கிறுக்குத்தனம் அவன் ஒருத்தங்கிட்டதான் உண்டு. வண்டி இங்கிலீஷ்காரனுது. ஆனா இஞ்சின செஞ்ச எந்திரமெல்லாம் பிரெஞ்சுக்காரங் கம்பெனியுது. மரையும் அவன் அளவுலயே வுழுந்துடுச்சி. ஸ்பேனரு மட்டும் இங்கிலீஷ்காரன் பட்டறையில கெடைக்கணுமேன்னு தலைய இங்கிலீஷ் அளவுல வச்சிட்டான். பாண்டிச்சேரிக்காரங்களுக்கு ஏத்த வண்டிதான், போங்க.”

கொட்டகைக்குப் பின்னால் சக்கரம் இல்லாமல் புல்லில் புதைந்திருந்த ஒரு மோரிஸ் காரைக் காட்டினான். அதன் மேக்னெட்டு உயிரோடு இருந்தது. அதை மடியில் கட்டிக்கொண்டு அவள் ஆறு தாண்டியபோது, சாவடிக்காரன் இம்முறை முடிச்சை அவிழ்க்கச் சொல்லவில்லை. இரும்பு அம்மா வருகிறாள் என்று பக்கத்திலிருந்தவனிடம் சொன்னான்.

இன்னாசிமுத்து சொல்லியனுப்பியதும் வந்துவிட்டான். மோரிஸ் என்று கேட்டதும், தான் அதைத்தான் முதலில் நினைத்ததாகச் சொன்னான். ஆண்டாள் மறுக்கவில்லை. அவனுக்குக் கை ஓடினால் போதும் அவளுக்கு. வால்வுகளைத் தேய்த்து உட்காரவைத்தான். இயந்திரத்துக்குள் படிந்திருந்த கரியை மண்ணெண்ணெயில் ஊறவைத்துச் சுரண்டும் வேலையை அவள் எடுத்துக்கொண்டாள். ஒரு துணுக்குக் கரி மிஞ்சவில்லை. பின்தட்டுக்கு வேப்பம்பலகை அறுத்துப் போட்டார்கள். டயர்களைத்தான் ஒன்றும் செய்ய முடியவில்லை. தொட்டால் பொடியாக உதிர்ந்தன. எதிர்பாராமல் ஒரு நாள் பக்கிரி புதுச்சேரிக்குப் போய், நாலு டயர்களோடு மாட்டுவண்டியில் வந்து இறங்கினான். ஆண்டாளுக்குக் கண் கலங்கிவிட்டது. தம்பியின் கையைத் தொட்டுக் கும்பிட எழுந்தாள்.

“இருக்கட்டும்க்கா. நம்ம வண்டிதானே” என்றான் பக்கிரி.

அந்தச் சொல் அவள் காதில் கொஞ்சம் தாமதமாகத்தான் விழுந்தது. அதற்கு முன்பெல்லாம் ‘உன் வண்டி’ என்பான்; எரிச்சலாக இருந்தால் ‘உன் கருமம்’ என்பான். அன்றிலிருந்து அவன் கொட்டகைக்கு வருவது அதிகமாயிற்று. வருகிறவர்களை அழைத்துவந்து காட்டினான். ஓட்டுபவனின் இடத்தில் ஏறி உட்கார்ந்து, சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு, அதன் நடுவிலிருந்த சிறிய நெம்புகளை மேலும் கீழுமாகத் தள்ளி விளையாடினான். தீப்பொறியை முந்தவோ பிந்தவோ வைக்கும் நெம்பு அவற்றில் ஒன்று; கிளப்பும்போது அது கீழே இருக்க வேண்டும். அதை அவன் மேலே தள்ளிவிட்டுப் போனது தெரியாமல், இன்னாசிமுத்து வண்டியின் முன்னால் நின்று, இயந்திரத்தைக் கிளப்பும் கைப்பிடியைச் சுற்றினான். இயந்திரம் எதிர்ப்பக்கம் உதைத்தது. கைப்பிடி திரும்பி அவன் வலது மணிக்கட்டில் அறைந்தது. அவன் சைகோனை மறந்து அம்மாவைக் கூப்பிட்டான்.

ஆண்டாள் யோசிக்கவில்லை. முட்டையின் வெள்ளைக்கருவில் உளுந்து மாவைக் குழைத்து, அவன் கையைத் தன் மடியில் வைத்து, பற்றுப்போட்டுக் கட்டினாள். கொட்டகைக் கழியில் தனியாகத் தொங்கும் தகரக் குவளையில் தண்ணீர் குடிக்கிறவன் அவன்; வாசல் நிலையைத் தாண்டாதவன். அந்தக் கையைத் தொட்டுக் கட்டியதைக் கஸ்தூரி பார்த்தாள். வேலி ஓரத்தில் நின்றவர்களும் பார்த்தார்கள். சாயங்காலம் பக்கிரி முகத்தைப் பார்க்காமல் சொன்னான், தெருவில் பேச்சு வருகிறது, இனி அவள் கொட்டகைக்குப் போகவேண்டாம், மிச்சத்தைத் தான் பார்த்துக்கொள்வதாக. ஆண்டாள் மறுநாள் வழக்கம்போலப் போனாள்.

சுற்றுவதற்கு இனி ஆள் இல்லை. அவள் சுற்றினாள். கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைக்க வேண்டும். கீழே அழுத்தக் கூடாது, மேலே இழுக்க வேண்டும். இறுக்கம் வரும்வரை மெல்ல, வந்ததும் பயப்படாமல் ஒரே வீச்சில். இன்னாசிமுத்து உள்ளே உட்கார்ந்து இடது கையால் நெம்பைப் பிடித்துக்கொண்டு சொல்லச் சொல்ல, ஒரு பிற்பகல் முழுவதும் இழுத்தாள். தோள் கழன்றுவிடும்போல இருந்தபோது வண்டி தும்மியது, இருமியது, கொட்டகையிலிருந்த கோழிகள் எல்லாம் கூரைமேல் பறக்க, உறுமிக்கொண்டு நின்றது. அவள் எதிரே நின்று அதைப் பார்த்தாள். கால்களின் அடியில் தரை அதிர்ந்தது. வெகுநாள்களுக்குப் பிறகு அவள் பாதங்கள் அசையாமல் இருந்தன.

தை பிறந்த முதல் வெள்ளியன்று பாகூர் மூலநாதர் கோயிலுக்கு வண்டியை ஓட்டிக்கொண்டு போய்ப் பூஜை போட்டு வருவதென்று பக்கிரி ஊருக்குச் சொல்லிவிட்டான். விடியற்காலையில் ஆண்டாள் வண்டியைக் கழுவித் துடைத்தாள். ஆள்கள் அதைத் தள்ளிக்கொண்டு வந்து தெருவில் நிறுத்தினார்கள். சாமந்தி மாலை, சந்தனம், குங்குமம். சக்கரங்களின் அடியில் எலுமிச்சம்பழம். இன்னாசிமுத்துவின் கை வீக்கம் வடிந்து, சக்கரம் பிடிக்கும் அளவுக்குத் தேறியிருந்தது. அவன் பக்கத்து இருக்கையில் ஜரிகைத் துண்டோடு பக்கிரி ஏறி உட்கார்ந்தான். அப்போது கஸ்தூரி கொல்லைப்பக்கம் வந்து, ஆண்டாளின் எதிரே தலை குனிந்துகொண்டு நின்றாள்.

“நானா சொல்லலக்கா. அவுரு சொல்லச் சொன்னாரு. வண்டி தெரு மொனை தாண்டற வரிக்கும் நீங்க உள்ளயே இருங்க. மொத தரம் கெளம்புது இல்லியா.”

புறப்படுகிற வண்டிக்குத் தாலி இழந்தவள் எதிரே வரக்கூடாது. ஆண்டாளுக்கு அது புதிது அல்ல. தகப்பனார் இதே வண்டியில் கிளம்பிய ஒவ்வொரு காலையிலும் யாரும் சொல்லாமலே அவள் பின்கட்டுக்குப் போய்விடுவாள். அதில் வருத்தப்பட்டதும் இல்லை. விளக்குக்கு ஓர் இடம், உலக்கைக்கு ஓர் இடம் என்பதுபோல அதுவும் ஓர் ஒழுங்கு என்றே இருந்தாள். இன்றும் அவள் நெற்குதிர் இருக்கும் அறைக்குள் போய் நின்றாள். கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. நகத்தில் இன்னும் கரி இருந்தது.

வெளியே கைப்பிடி சுற்றும் ஓசை கேட்டது. பாதிச் சுற்று, பிறகு விட்டுவிட்டார்கள். இன்னாசிமுத்து உள்ளிருந்து கத்திச் சொல்வது கேட்டது. இன்னொருவன் வந்தான், இறுக்கம் வந்ததும் அவனும் விட்டுவிட்டான். அவர்கள் பயப்படுகிறார்கள் என்பது அவளுக்குச் சுவருக்கு இந்தப்புறத்திலேயே தெரிந்தது. மணிக்கட்டு உப்பியதைப் பார்த்தவர்கள். உதைக்கும் இடத்துக்குச் சரியாக முன்னால் கையை எடுத்துவிடுகிறார்கள். அந்த இடத்தில்தான் இழுக்க வேண்டும். அவள் தோள் தானாக ஒருமுறை அசைந்தது. பிறகு பக்கிரியே இறங்கியிருக்க வேண்டும், தெரு அமைதியாயிற்று. ஒரு சுற்று, ஓர் இருமல், யாரோ துள்ளி விலகும் ஓசை. ஒருவர் சகுனம் சரியில்லை என்றார். இன்னொருவர், இரும்புக்காரன் இன்னும் ஆற்றைத் தாண்டியிருக்க மாட்டான், கூப்பிட்டால் காதில் விழும் என்றார். சிரிப்பு எழுந்தது. கற்பூரம் அணைந்து, மறுபடியும் ஏற்றினார்கள்.

அறை வாசலில் கஸ்தூரி வந்து நின்றாள்.

“தம்பி கூப்டானா?” என்றாள் ஆண்டாள்.

“இல்லக்கா.”

சொல்லிவிட்டுக் கஸ்தூரி அங்கிருந்து போகவில்லை. நிலைப்படியை விட்டு, சுவரோடு ஒதுங்கி நின்றாள்.

ஆண்டாள் புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, கூடத்தைக் கடந்து, தெருவில் இறங்கினாள். கூட்டம் விலகியது. பக்கிரி மறுபடியும் தன் இடத்தில் ஏறி உட்கார்ந்திருந்தான். அவளைக் கண்டதும் கோயில் பக்கம் பார்த்தான். அவள் நேரே போய் வண்டிக்கு எதிரே, மாலைக்கு முன்னால் நின்றாள். கிழவி ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள்.

“நெம்பக் கீழ எறக்கு” என்றாள் இன்னாசிமுத்துவிடம்.

“எறக்கிட்டேம்மா.”

அவள் குனிந்து கைப்பிடியைப் பற்றினாள். மெல்லச் சுற்றி இறுக்கத்தைத் தேடினாள். வந்தது. ஒரே வீச்சில் மேலே இழுத்தாள். வண்டி ஒரு தரம் தும்மியது. மறுபடியும் இழுத்தாள். பிடித்துக்கொண்டது. உறுமல் தெருவின் இரண்டு பக்கச் சுவர்களிலும் மோதித் திரும்ப, முன்வரிசையில் நின்றவர்கள் பின்னால் நகர்ந்தார்கள். அவள் கைப்பிடியை உருவிக்கொண்டு நிமிர்ந்தாள். இப்போது அவள் விலகி, வந்த வழியே உள்ளே போக வேண்டும். எல்லோரும் அதற்காகக் காத்திருந்தார்கள். அவள் அங்கேயே நின்றாள்.

இன்னாசிமுத்து தலையை வெளியே நீட்டினான். பக்கத்தில் இருந்தவனைப் பார்க்காமல் அவளைப் பார்த்துக் கேட்டான்:

“எங்கம்மா போவணும்?”

ஆண்டாள் கைப்பிடியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வண்டியின் மூக்கைச் சுற்றி, பக்கிரி உட்கார்ந்திருந்த பக்கத்துக்கு வந்து நின்றாள். அதிர்வில் மாலையிலிருந்து சாமந்தி இதழ்கள் உதிர்ந்து, கழுவிய இரும்பின்மேல் விழுந்து, அங்கேயே நடுங்கிக்கொண்டிருந்தன. பக்கிரியின் கை கதவின் தாழ்ப்பாள்மேல் இருந்தது. அதை அவன் அழுத்திப் பிடித்திருக்கிறானா, திறக்கப்போகிறானா என்பது, வண்டியோடு சேர்ந்து கதவும் கையும் ஆடிக்கொண்டே இருந்ததால், தெருவில் யாருக்கும் தெரியவில்லை.